நியூஸ்குரூப்பிலிருந்து ஃபோரத்துக்கு: தொழில்நுட்ப விவாதங்களை இழை அறுபடாமல் இடம் மாற்றுவதற்கு முழுமையான வழிகாட்டி

2010-இல் மைக்ரோசாஃப்ட் தன் பொது நியூஸ்குரூப்களை (நியூஸ்ரீடர் என்ற மென்பொருளால் படிக்கும் பழைய பாணி விவாதக் குழுக்கள்) ஒவ்வொன்றாக மூடி, விவாதங்களை வலை ஃபோரங்களுக்கு மாற்றியது. 2024 பிப்ரவரி 22 அன்று கூகுள் குரூப்ஸ், உலகளாவிய நியூஸ்குரூப் வலையமைப்பான யூஸ்நெட்டிலிருந்து புதிய பதிவுகளை வாங்குவதையும் அனுப்புவதையும் நிறுத்தியது. பழையவற்றைத் தேடிப் படிக்க மட்டும் விட்டுவைத்தது. இடையில் பல மென்பொருள் குழுக்களும் தங்கள் சொந்த நியூஸ் சர்வர்களை மூடிவிட்டன. இன்னும் ஒரு நியூஸ் சர்வரை ஓட்டிக்கொண்டு, அதிலிருக்கும் பத்து, இருபது ஆண்டு விவாதங்களோடு வலைக்கு மாற நினைப்பவர்களுக்கானது இந்த வழிகாட்டி. சேருமிடமாக டிஸ்கோர்ஸ் என்ற ஃபோரம் மென்பொருளை எடுத்துக்கொள்கிறோம். எம்பாக்ஸ் கோப்புகளை (பல அஞ்சல்களை ஒன்றாக வைக்கும் கோப்பு வடிவம்) உள்ளே இழுக்கும் கருவி அதனுடனேயே வருகிறது. மின்னஞ்சல் வழியாகவே பதில் போடவும் முடியும். இந்த இரண்டும் இல்லாத ஃபோரம் மென்பொருளை இந்த வேலைக்குப் பரிந்துரைக்க மாட்டோம்.

தொடங்குமுன் ஒன்றை மனதில் இருத்துங்கள். தொழில்நுட்பக் குழுவில் கேள்வி கேட்பவர்கள் வருவார்கள், போவார்கள். பதில் சொல்பவர்கள் சிலர்தான், ஆண்டுக்கணக்கில் இருப்பவர்கள். பெரும்பாலும் அவர்கள்தான் தண்டர்பேர்ட், ஃபோர்ட்டே ஏஜென்ட், பேன் போன்ற நியூஸ்ரீடர்களில் பழகியவர்கள். மாற்றத்தில் அவர்களை இழந்தால் ஃபோரம் இருக்கும், பதில் இருக்காது. கீழே வரும் படிகளில் எங்காவது இரண்டு வழிகளில் எதை எடுப்பது என்று தடுமாறினால், அந்தச் சிலருக்கு எது வசதியோ அதை எடுங்கள்.

படி 1: மாறத்தான் வேண்டுமா?

உங்கள் குழு 'காம்ப்', 'சை' போன்ற பொது யூஸ்நெட் வரிசையில் இருந்தால் அதை யாராலும் மூட முடியாது. பதிவுகள் உலகெங்கும் உள்ள சர்வர்களில் பரவிக் கிடக்கின்றன. ஒவ்வொரு சர்வரின் நிர்வாகியும் தானே முடிவெடுப்பார். அங்கே நீங்கள் செய்யக்கூடியது, ஃபோரத்தைத் திறந்து ஆட்களை அழைப்பதும், பழைய பதிவுகளின் பிரதி ஒன்றை வைத்துக்கொள்வதும்தான். சர்வர் உங்களுடையதாக இருந்து, வேறு சர்வர்களுடன் பதிவுகளைப் பரிமாறிக்கொள்ளவில்லை என்றால் மட்டுமே முழு இடமாற்றம் கைகூடும்.

மாறாமலே வலைமுகம் கொடுக்கும் வழியும் உண்டு. டி நிரல்மொழிக்காரர்கள் டிஃபீட் என்ற மென்பொருளை வைத்து ஒரே விவாதத்தை வலைப்பக்கம், நியூஸ்ரீடர், மின்னஞ்சல் பட்டியல் என மூன்று வாசல் வழியாகவும் நடத்துகிறார்கள். எந்த வாசலில் போட்ட பதிவும் மற்ற இரண்டிலும் தெரியும். நியூஸ் சர்வரைப் பராமரிக்க ஆள் இருந்தால் இது நல்ல ஏற்பாடு. ஆனால் போட்ட பதிவைத் திருத்துவது, சரியான பதிலைக் குறித்துவைப்பது, படம் இணைப்பது போன்றவை அதில் ஒட்டாது. உங்களுக்கு அவை தேவையென்றால் தொடர்ந்து படியுங்கள்.

படி 2: பதிவுகளைப் பைட் மாறாமல் எடுப்பது

சர்வரை உள்ளே சென்று பார்க்க முடிந்தால், ஐஎன்என் (நியூஸ் சர்வர் மென்பொருள்) எந்தச் சேமிப்பு முறையில் ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். 'டிராட்ஸ்பூல்' என்றால் ஒவ்வொரு பதிவும் தனிக் கோப்பு, பதிவு எண்ணே கோப்பின் பெயர். கோப்புறையை அப்படியே நகலெடுத்தால் போதும். 'சிஎன்எஃப்எஸ்' என்றால் எல்லாம் ஒரு பெரிய சுழல் கோப்புக்குள் கிடக்கும். அது நிரம்பியதும் பழையவற்றின்மேல் புதியவை எழுதப்படும். அப்படியானால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள், இன்றே எடுங்கள். காலாவதி விதிகளையும் அன்றே நிறுத்திவையுங்கள்.

வெளியிலிருந்து எடுப்பதென்றால் நியூஸ் சர்வர்கள் பேசும் என்என்டிபி நெறிமுறைதான் வழி: போர்ட் 119, குறியாக்கத்துடன் என்றால் 563. 'குரூப்' கட்டளைக்கு 211 என்ற பதிலுடன் மொத்த எண்ணிக்கை (இது தோராயம்தான்), முதல் எண், கடைசி எண் வரும். அந்த எல்லைக்குள் ஒவ்வொரு எண்ணாக 'ஆர்ட்டிகிள்' கேட்டு வாங்குங்கள். 423 வந்தால் அந்த எண்ணில் பதிவு இல்லை என்று பொருள். நீக்கப்பட்டதோ காலாவதியானதோ இருக்கலாம். பிழையாக எண்ணி நிறுத்தாமல் குறித்துக்கொண்டு அடுத்ததுக்குப் போங்கள். பைத்தானில் இதற்காக இருந்த 'என்என்டிபிலிப்' 3.13 பதிப்பிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. 3.12-ஐயோ அதற்கு முந்தையதையோ இந்த வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டத்தில் பலரும் செய்யும் தவறு, வாங்கும்போதே எழுத்துக் குறியாக்கத்தை மாற்றுவது. வேண்டாம். வந்த பைட்டுகளை அப்படியே, பதிவுக்கு ஒரு கோப்பாக எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரே எம்பாக்ஸ் கோப்பில் சேர்த்தால், உடலில் ஒரு வரி 'ஃப்ரம்' என்ற சொல்லும் இடைவெளியுமாகத் தொடங்கும் இடத்திலெல்லாம் பதிவு இரண்டாக உடையும். தனிக் கோப்புகளில் அந்தத் தொல்லையே இல்லை. நீங்களே நிரல் எழுதிப் பேசுவதானால் இன்னொன்றைக் கவனியுங்கள்: புள்ளியில் தொடங்கும் வரிகளை நெறிமுறை இரட்டைப் புள்ளியாக்கி அனுப்பும். வாங்கும் பக்கத்தில் ஒன்றை நீக்க வேண்டும்.

எழுத்துப் பதிவு ஒன்று சில கிலோபைட்டுக்கு மேல் போவது அரிது. ஒரு லட்சம் பதிவுகள் என்றாலும் சில நூறு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். ஆகவே மூலப் பிரதியைச் சுருக்கி, சரிபார்ப்பு எண்ணுடன் இரண்டு வெவ்வேறு இடங்களில் வைத்துவிட்டு, இனி எல்லா வேலையையும் மூன்றாவது பிரதியில் செய்யுங்கள்.

சர்வரில் இல்லாத பழைய காலத்துக்கு இன்டர்நெட் ஆர்க்கைவில் யூஸ்நெட் தொகுப்புகள் குழுவாரியாக எம்பாக்ஸ் வடிவில் உள்ளன. சேர்த்துக்கொள்ளலாம். மெசேஜ்-ஐடி (ஒவ்வொரு பதிவுக்கும் உள்ள தனி அடையாளம்) ஒன்றாக இருப்பவற்றில் ஒன்றை மட்டும் வையுங்கள்.

படி 3: சுத்தம் செய்தல்

நேரம் அதிகம் பிடிப்பது இதுதான். இங்கே போட்ட உழைப்புதான் பிற்பாடு தெரியும்.

இழைகளில் (ஒரு பதிவும் அதற்கு வந்த பதில்களும் சேர்ந்த தொடர்) தொடங்குங்கள். நியூஸ்குரூப்பில் ஒரு பதிவு எதற்குப் பதில் என்பது 'ரெஃபரன்சஸ்' என்ற ஹெடரில் (பதிவின் உடலுக்கு மேலே வரும் விவர வரி) இருக்கிறது. அதில் முன்னோர்களின் மெசேஜ்-ஐடிகள் வரிசையாக இருக்கும், கடைசியில் இருப்பது நேரடிப் பெற்றோர். அந்தப் பெற்றோர் உங்கள் தொகுப்பில் இல்லையென்றால் வலமிருந்து இடமாக நகர்ந்து, கிடைக்கும் நெருங்கிய முன்னோருடன் இணையுங்கள். யாருமே இல்லையென்றால்தான் புது இழை. தலைப்பு ஒன்றாக இருக்கிறது என்பதற்காக மட்டும் இணைக்காதீர்கள். டிஸ்கோர்ஸ் கருவியில் தலைப்பை வைத்துத் தொகுக்கும் தேர்வு ஒன்று உண்டு. அதை முடக்கியே வையுங்கள். 'உதவி தேவை' என்று பத்தாண்டுகளில் பலர் வைத்த தலைப்புகளெல்லாம் அதனால் ஒரே இழையாகிவிடும்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் வரும். யாரோ நடுவில் பேச்சை மாற்றி, தலைப்பையும் மாற்றி, அடைப்புக்குறிக்குள் 'வாஸ்:' என்று பழைய தலைப்பைக் குறித்திருப்பார். ரெஃபரன்சஸ் மட்டும் பழைய இழையையே காட்டும். நியூஸ்ரீடரில் இது கிளையாக அழகாகத் தெரிந்தது. டிஸ்கோர்ஸில் எல்லாம் ஒரே நேர்வரிசை என்பதால் இரண்டு விவாதங்கள் பின்னிக் குழம்பும். அத்தகைய பதிவில் ரெஃபரன்சஸையும் 'இன்-ரிப்ளை-டு'வையும் எடுத்துவிட்டுப் புது இழையாக்குங்கள். முதல் வரியில் பழைய இழைக்கு ஒரு சுட்டி வைத்தால் போதும்.

அடுத்து நாள், நேரம். கணினிக் கடிகாரம் தவறாக இருந்தவர்களின் பதிவுகள் 1970-இலும் 2038-இலும் போய் நிற்கும். 'ஐஎஸ்டி' என்று மட்டும் நேர மண்டலம் போட்டிருந்தால் அது இந்தியாவா, இஸ்ரேலா, அயர்லாந்தா என்று நிரலுக்குத் தெரியாது. 'இன்ஜெக்ஷன்-டேட்' அல்லது 'என்என்டிபி-போஸ்டிங்-டேட்' ஹெடர் இருந்தால் அதையே நம்புங்கள். அது சர்வர் போட்டது, எழுதியவரின் கணினி போட்டதன்று. இரண்டும் இல்லாமல், பதில் கேள்விக்கு முன்னால் வந்துவிட்டால், பெற்றோரின் நேரத்தோடு ஒரு நிமிடம் கூட்டிவிடுங்கள். வரிசை சரியாக இருப்பதுதான் முக்கியம்.

எழுத்துக் குறியாக்கத்துக்கு ஒரே ஒழுங்கு: முதலில் யூடிஎஃப்-8 என்று கறாராகப் படித்துப் பாருங்கள். தேறாவிட்டால் ஹெடர் சொல்லும் குறியாக்கம். ஹெடரும் சொல்லாவிட்டால் விண்டோஸ்-1252. ஐஎஸ்ஓ-8859-1 என்று ஹெடர் சொன்னாலும் விண்டோஸ்-1252 என்றே படிப்பது நல்லது, வளைந்த மேற்கோள் குறிகள் அப்போதுதான் தப்பும். பழைய தமிழ்ப் பதிவுகள் இருந்தால் அவை டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் எழுதப்பட்டு, ஹெடரில் மட்டும் மேற்கத்தியக் குறியாக்கப் பெயரோடு வந்திருக்கக்கூடும். லினக்ஸில் ஜிலிப்சியுடன் வரும் 'ஐகான்வ்' கருவிக்கு டிஸ்கி தெரியும். அதைக் கொண்டு நேராக யூடிஎஃப்-8 ஆக்கலாம். டிஸ்கியில் கொம்பும் இரட்டைக்கொம்பும் மெய்யெழுத்துக்கு முன்னால் சேமிக்கப்படும். யூனிகோடில் பின்னால் வரும். எழுத்துக்கு எழுத்து மாற்றும் அட்டவணையைக் கையால் எழுதினால் 'கே', 'கோ' எல்லாம் சிதறும். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிய பதிவுகளைத் தொடாதீர்கள்.

ஒரே பதிவு பல குழுக்களில் போடப்பட்டிருக்கும். டிஸ்கோர்ஸில் ஒரு இழை ஒரு பிரிவில்தான் இருக்க முடியும். 'ஃபாலோஅப்-டு' ஹெடர் ஒரு குழுவைக் காட்டினால் அங்கே, இல்லையென்றால் 'நியூஸ்குரூப்ஸ்' ஹெடரில் உங்கள் சர்வரைச் சேர்ந்த முதல் குழுவில் வையுங்கள். ஸ்பேமுக்கு நுணுக்கமான வடிகட்டி தேவையில்லை: ஒரே ஒரு பதிவு மட்டும் போட்டவர், பதிலே வராத இழை, ஐந்துக்கு மேற்பட்ட குழுக்கள் என்ற மூன்றும் சேர்ந்தால் அதைத் தனிக் கோப்புறைக்குத் தள்ளி, கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டு விடுங்கள். பதில் வராத கேள்வி எல்லாம் ஸ்பேம் இல்லை.

'எக்ஸ்-நோ-ஆர்க்கைவ்: எஸ்' என்று குறித்தவர்களின் பதிவுகளைச் சேர்க்கவே கூடாது. தன் எழுத்து நிலையாகச் சேமிக்கப்பட வேண்டாம் என்று அவர் அன்றே சொல்லிவிட்டார். சிலர் ஹெடரில் போடாமல் உடலின் முதல் வரியில் போட்டிருப்பார்கள். அதையும் பாருங்கள்.

படி 4: பிரிவுகளைக் குறைப்பது

இருபது நியூஸ்குரூப் இருந்தால் இருபது பிரிவு என்று அப்படியே பெயர்க்கத் தோன்றும். கடைசி இரண்டு ஆண்டுகளில் ஒவ்வொன்றிலும் மாதத்துக்கு எத்தனை புது இழை என்று எண்ணிப் பாருங்கள். மாதம் ஐந்தைத் தொடாத குழுக்களை அருகிலிருக்கும் பெரிய குழுவோடு சேர்த்து, பழைய பெயரை டேக் ஆக்குங்கள். ஆளில்லாத பிரிவில் கேட்கப்படும் கேள்வியை யாரும் பார்ப்பதில்லை. நான்கைந்து பிரிவுகள் போதும்.

படி 5: ஒத்திகை இறக்குமதி

நேரடி ஃபோரத்தில் முதல் முயற்சியைச் செய்யாதீர்கள். தனியாக ஒரு லினக்ஸ் சர்வரில் டோக்கர் (மென்பொருளைத் தனிப் பெட்டிபோல ஓட்டும் கருவி) வழியாக டிஸ்கோர்ஸை நிறுவுங்கள். நினைவகம் 4 ஜிபி இருந்தால் இறக்குமதி மூச்சு வாங்காமல் ஓடும். மின்னஞ்சல் அனுப்பும் விவரங்களை அதில் தரவே வேண்டாம். 'டிசேபிள் ஈமெயில்ஸ்' அமைப்பையும் 'எஸ்' என்று வையுங்கள். இதை மறந்தால் பதினைந்து ஆண்டுக்கு முந்தைய பதில்களுக்கெல்லாம் இன்று அறிவிப்பு பறக்கும் அபாயம் உண்டு. உங்கள் டொமைன் முதல் நாளே ஸ்பேம் பட்டியலில் ஏறிவிடும்.

எம்பாக்ஸ் இறக்குமதிக் கருவி, தரவுக் கோப்புறையில் உள்ள ஒவ்வொரு துணைக் கோப்புறையையும் ஒரு பிரிவாக்கும். அமைப்புக் கோப்பில் கவனிக்க வேண்டியவை: பதிவுக்கு ஒரு கோப்பு என்பதால் பிரிக்கும் விதியைக் காலியாக விடுங்கள். எச்டிஎம்எல்லை விரும்பும் தேர்வை அணையுங்கள். 'ஸ்டேஜ்டு' தேர்வை இயக்குங்கள். அப்போது பழைய எழுத்தாளர்கள் ஒவ்வொருவருக்கும் உறங்கும் கணக்கு ஒன்று உருவாகும். அவர் அதே மின்னஞ்சல் முகவரியில் வந்து பதிவு செய்யும் நாளில் தன் பழைய பதிவுகள் எல்லாம் அவர் பெயரிலேயே இருக்கும்.

முதலில் ஒரே குழுவின் ஓராண்டை மட்டும் ஓட்டிப் பாருங்கள். இறக்குமதி முடிந்ததும் பின்னணி வரிசையில் பதிவுகளை வடிவமைக்கும் வேலை தொடரும். அது காலியாகும்வரை பக்கங்களைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

பிறகு நிரல் துண்டுகள் உள்ள பதிவுகளைத் திறங்கள். நியூஸ்குரூப் பதிவு வெறும் எழுத்து. ஃபோரம் அதை மார்க்டவுனாக (குறிகளைக் கொண்டு வடிவமைக்கும் எழுத்துமுறை) எண்ணிப் படித்தால் சேதம் அங்கேதான் தெரியும். சி++ நிரலில் கோண அடைப்புக்குள் 'வெக்டர்' என்று எழுதியிருந்தால், அதை எச்டிஎம்எல் குறி என்று எண்ணி ஃபோரம் மறைத்துவிடும். வாசகருக்கு வெற்று 'இன்க்லூட்' மட்டும் தெரியும். ஷெல் நிரலில் # போட்டு இடைவெளி விட்ட குறிப்பு வரி பெரிய தலைப்பாக வீங்கும். பைத்தானில் இரட்டை அடிக்கோடு போட்ட பெயர்கள் தடித்த எழுத்தாகி அடிக்கோடுகளை இழக்கும். சுட்டிகளின் நட்சத்திரக் குறிகள் ஜோடி சேர்ந்து சாய்வெழுத்தாகும். தவறான நிரல் சரியானது போலவே தோன்றும் என்பதால், படிப்பவர் நகலெடுத்து ஓட்டி ஏமாறுவார்.

இதற்கு நம்பகமான தீர்வு இது: பதிவின் உடலை மேற்கோள் வரிகள், சொந்த வரிகள் என்று பிரியுங்கள். வரித் தொடக்கத்தில் > இருப்பவை மேற்கோள். எத்தனை > என்பது ஆழம். சொந்த வரிகளில் அரைப்புள்ளியிலோ மீசை அடைப்பிலோ முடியும் வரிகள் தொடர்ந்து மூன்றுக்கு மேல் வந்தால் அந்தப் பகுதியை நிரல் வேலிக்குள் (உள்ளிருப்பதை அப்படியே காட்டச் சொல்லும் மார்க்டவுன் குறி) வையுங்கள். மீதியில் கோண அடைப்பு, நட்சத்திரம், அடிக்கோடு மூன்றுக்கும் முன்னால் பின்சாய்வுக்கோடு போடுங்கள். இரண்டு கோடும் ஓர் இடைவெளியும் மட்டும் உள்ள வரிக்குக் கீழே இருப்பது கையொப்பம், வெட்டிவிடலாம். 'பிகின் 644' என்று தொடங்கும் பகுதி யூயூஎன்கோடு செய்த, அதாவது வெறும் எழுத்தாக மாற்றி அனுப்பிய கோப்பு. பெரும்பாலும் யாரோ அனுப்பிய பேட்ச் (நிரல் திருத்தம்) ஆக இருக்கும். அதை அவிழ்த்து இணைப்பாக்குங்கள், தூக்கி எறியாதீர்கள்.

படி 6: பதில் சொல்பவர்களுக்குப் பாதை

கடைசி மூன்று ஆண்டுகளில் அதிகம் பதில் போட்ட முப்பது பேரின் பட்டியலை எடுங்கள். பலர் ஸ்பேமுக்குப் பயந்து முகவரியில் 'நோஸ்பேம்' சேர்த்தோ 'இன்வேலிட்' என்று முடித்தோ எழுதியிருப்பார்கள். அவர்களால் உறங்கும் கணக்கைத் தாமாக எழுப்ப முடியாது. உண்மையான முகவரியைக் கேட்டு வாங்கி, கணக்குகளை நிர்வாகப் பக்கத்தில் இணைத்துக் கொடுங்கள்.

அவர்களின் நம்பிக்கை நிலையை (உறுப்பினருக்கு டிஸ்கோர்ஸ் தரும் உரிமைப் படி) திறப்பு விழாவுக்கு முன்பே 2 ஆக்கிவிடுங்கள். டிஸ்கோர்ஸின் இயல்பு அமைப்பில் புதியவர் முதல் நாளில் 3 இழைகளும் 10 பதில்களும்தான் போடலாம், ஒரு பதிவில் 2 சுட்டிகள்தான் வைக்கலாம். இருபது ஆண்டாகப் பதில் சொல்லிவருபவரைப் பதினோராவது பதிலில் 'நீங்கள் புதியவர்' என்று நிறுத்தினால், அவர் மறுநாள் வரமாட்டார்.

ஒவ்வொரு பதிவையும் அஞ்சலாக அனுப்பும் மின்னஞ்சல் பட்டியல் முறை இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும். அமைப்புகளில் தேடி இயக்குங்கள். மின்னஞ்சலில் பதில் போடுவதையும், ஒவ்வொரு பிரிவுக்கும் தனி முகவரி கொடுத்துப் புது இழை தொடங்குவதையும் அமையுங்கள். ஃபோரம் அனுப்பும் அஞ்சல்களில் இழைக்கான ஹெடர்கள் முறையாக இருப்பதால், தண்டர்பேர்டில் ஒரு கோப்புறைக்கு வடிகட்டிவிட்டால் பழைய நியூஸ்குரூப்பைப் போலவே கிளை கிளையாகப் படிக்கலாம். இதை எப்படிச் செய்வது என்று திரைப்பிடிப்புப் படங்களுடன் ஒரு பக்கம் எழுதிவையுங்கள். அஞ்சல் உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகள் சரியில்லையென்றால் அஞ்சல் ஸ்பேம் கோப்புறைக்குப் போகும். அது உங்களுக்குத் தெரியவும் வராது. ஜிமெயிலுக்கும் வேறு இரண்டு சேவைகளுக்கும் அனுப்பிச் சோதியுங்கள்.

படி 7: உறையவைத்து மாற்றுவது

நான்கு வாரத்துக்கு முன் நியூஸ்குரூப்பில் அறிவியுங்கள். ஒரு வாரத்துக்கு முன் மறுபடியும். நாள் வந்ததும் ஐஎன்என்னில் 'சிடிஎல்ஐஎன்என்டி' கட்டளையால் ஒவ்வொரு குழுவின் நிலையையும் 'ஒய்'யிலிருந்து 'என்'னுக்கு மாற்றுங்கள். படிக்கலாம், எழுத முடியாது. ஒத்திகைக்குப் பின் வந்த பதிவுகளை மட்டும் எடுத்து, அதே சுத்திகரிப்பில் ஓட்டி, இறக்குமதியை மறுபடி இயக்குங்கள். ஏற்கெனவே ஏறியவற்றைக் கருவி அடையாளம் கண்டு விட்டுவிடும். பிறகு 'டிசேபிள் ஈமெயில்ஸ்' அமைப்பை மாற்றிக் கதவைத் திறங்கள். இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதவிட்டால் கேள்வி ஓரிடத்திலும் பதில் ஓரிடத்திலும் நிற்கும். ஒரு நாள்கூட அப்படி வேண்டாம்.

சரிபார்க்க மொத்த எண்ணிக்கை மட்டும் போதாது. எடுத்தவை, விலக்கியவை காரணவாரியாக, ஏறியவை என்ற மூன்றும் கூட்டிக் கழித்து ஒத்துவர வேண்டும். அதன்பின் நீளமான பத்து இழைகளையும், அயல்மொழிப் பெயர் உள்ள சிலவற்றையும் பழைய நியூஸ்ரீடரில் பக்கத்தில் திறந்துவைத்து ஒப்பிடுங்கள்.

படி 8: பழைய சுட்டிகளும் பழைய சர்வரும்

பழைய பதிவுகள் ஒன்றையொன்று 'நியூஸ்:' என்று தொடங்கும் மெசேஜ்-ஐடி சுட்டிகளால் காட்டும். அவை உலாவியில் வேலை செய்யாது. மெசேஜ்-ஐடிக்கு எதிரே புதிய முகவரி என்ற அட்டவணையை இறக்குமதி முடிந்ததும் தயாரித்து, உடல்களில் உள்ள சுட்டிகளை மாற்றி எழுதுங்கள். உங்களிடம் ஏற்கெனவே வலையில் ஒரு பழைய பதிவுத் தொகுப்பு இருந்தால், அதன் முகவரிகளை டிஸ்கோர்ஸின் பெர்மாலிங்க் (நிலையான சுட்டி) பட்டியலில் ஏற்றி, 301 திருப்பலாக (நிரந்தர முகவரி மாற்றம்) அனுப்புங்கள். பிழைச் செய்தியைத் தேடி வருபவர்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் வருவார்கள்.

நியூஸ் சர்வரை எழுத முடியாத நிலையில் ஓராண்டு ஓடவிடுங்கள். ஒவ்வொரு குழுவின் ஒருவரி விளக்கத்திலும் ஃபோரத்தின் முகவரியைப் போடுங்கள். நியூஸ்ரீடரில் குழுப் பட்டியலைப் புதுப்பிப்பவர் அதைப் பார்ப்பார். ஓராண்டு கழிந்து சர்வரை நிறுத்தும்போது மூலப் பிரதியையும் மெசேஜ்-ஐடி அட்டவணையையும் ஒரே தொகுப்பாக்கி, பொதுவில் இறக்கிக்கொள்ளும்படி வையுங்கள். விலக்கச் சொன்னவர்களின் பதிவுகளை மட்டும் அதிலிருந்தும் நீக்கிவிட்டு. டிஸ்கோர்ஸை விட்டு வேறெங்காவது போக வேண்டி வந்தால், வேலை அந்தத் தொகுப்பிலிருந்துதான் தொடங்கும்.